கேமை எங்கே நிறுத்துவது? அறிவியல் வகுப்பில் விளையாட்டைத் தொடங்குபவருக்கு

நான் முதன்முதலாக வகுப்பில் கேம் வைத்தது ஒன்பதாம் வகுப்புக்கு. பாலம் கட்டும் கேம். நாற்பத்தைந்து நிமிடமும் பிள்ளைகள் நாற்காலியை விட்டு எழவில்லை. மணி அடித்த பிறகும் இரண்டு பேர் திரையை விட்டு நகர மறுத்தார்கள். எனக்குத் தலைகால் புரியாத பெருமை. அடுத்த வாரம் கரும்பலகையில் ஒரு சாதாரணச் சட்டகப் பாலத்தை வரைந்து, "லாரி நடுவில் நிற்கும்போது இந்தக் கீழ்த்தண்டு இழுபடுமா, அமுங்குமா?" என்று கேட்டேன். ஒரு கையும் உயரவில்லை. கடைசியில் ஒரு பையன் மட்டும், "மிஸ், தண்டு சிவப்பாச்சுன்னா பக்கத்துல இன்னொரு தண்டு சேர்க்கணும்" என்றான்.

அவன் சொன்னதில் தவறில்லை. அந்த கேமில் சிவப்பு என்றால் உடையப் போகிறது என்று அர்த்தம். இன்னொரு தண்டு சேர்த்தால் தப்பித்துவிடலாம். கேம் அவனுக்கு அதைத்தான் சொல்லிக்கொடுத்திருந்தது. குறை என் பக்கம். நாற்பத்தைந்து நிமிடத்தில் ஒரு தடவைகூட நான் "கையை எடுங்கள்" என்று சொல்லவில்லை. ஏன் சிவப்பானது என்று யாரும் யாரிடமும் கேட்கவே இல்லை.

அதற்குப் பிறகு பல வகுப்புகளில் பட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். கேம் விளையாடிப் பழக்கமே இல்லாத ஆசிரியரும் இதைச் செய்யலாம். சொல்லப்போனால் அவருக்கு ஒரு வசதியும் உண்டு: கேமைப் பார்த்து மயங்கமாட்டார்.

கேமைத் தேடாதீர்கள், தவறான எண்ணத்தைத் தேடுங்கள்

புதிதாகத் தொடங்குபவர் முதலில் செய்வது இணையத்தில் அறிவியல் கேம் என்று தேடுவது. நூற்றுக்கணக்கில் வந்து விழும். பாதிக்கு மேல் வினாடி வினாவுக்குப் பொம்மைச் சட்டை மாட்டியவை. விண்கல்லைச் சுட வேண்டுமானால் சோடியத்தின் குறியீட்டைச் சொல்ல வேண்டும் என்பதுபோல. இதில் பிள்ளையின் விரல் செய்வது சுடும் வேலை. வேதியியல் என்பது நடுவில் வரும் சுங்கச்சாவடி. எவ்வளவு சீக்கிரம் தாண்ட முடியுமோ அவ்வளவு சீக்கிரம் தாண்டிவிடுவார்கள். மனப்பாடத்தைச் சோதிக்க அது போதும். ஒரு கருத்தைப் புரியவைக்கப் போதாது.

ஆகவே தலைகீழாகப் போங்கள். உங்கள் பாடத்தில் பிள்ளைகள் ஆண்டுதோறும் தவறாகவே பிடித்துக்கொள்ளும் எண்ணம் எது என்று ஒரு தாளில் எழுதுங்கள். என் தாளில் இருந்தவை: பல்பு மின்னோட்டத்தைக் கொஞ்சம் தின்றுவிட்டு மீதியைத்தான் அனுப்புகிறது. ஒரு பொருள் நகர்ந்துகொண்டே இருக்க யாராவது தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். விண்வெளியில் ஈர்ப்பு இல்லை, அதனால்தான் மிதக்கிறார்கள். கதிரியக்க அணுவுக்கு வயதாகி, வயதானதால் சிதைகிறது. தேவைப்பட்டதால் உயிரினம் தன்னை மாற்றிக்கொண்டது.

இதில் ஒன்றை, ஒன்றே ஒன்றை, எடுத்துக்கொண்டு அதற்குக் கேம் தேடுங்கள். தேர்வு செய்ய ஒரே ஒரு சோதனை போதும்: விளையாடும்போது விரல் எதை மாற்றுகிறதோ, அதுதான் உங்கள் பாடக் கருத்தாக இருக்க வேண்டும். மின்சுற்று கேமில் விரல் கம்பியை இணைக்கிறது, மின்தடையைக் கூட்டுகிறது. சரி, அது தேறும்.

எங்கே தொடங்கலாம்

எனக்கு நம்பிக்கையான முதல் இடம் ஃபெட் (PhET) சிமுலேஷன்கள், அதாவது திரையில் மாற்றிப் பார்க்கக்கூடிய அறிவியல் மாதிரிகள். 2001இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவரான கார்ல் வீமன், 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய திட்டம். இலவசம். பிரவுசரிலேயே ஓடும். கணக்குத் தொடங்க வேண்டாம், விளம்பரம் கிடையாது. ஒவ்வொரு சிமுலேஷனையும் ஒரே கோப்பாக இறக்கி பென் டிரைவில் வைத்துக்கொள்ளலாம் என்பது ஆசிரியருக்குப் பெரிய நிம்மதி. இதெல்லாம் கேமா என்று பிள்ளைகள் முதலில் முகம் சுளிப்பார்கள். மின்சுற்றில் பேட்டரி தீப்பற்றுவதைப் பார்த்த பிறகு கேட்கமாட்டார்கள்.

ஆல்கோடூ இன்னொன்று. ஸ்வீடனில் ஒரு மாணவர் தன் ஆய்வேட்டுக்காகச் செய்ததிலிருந்து வளர்ந்த மென்பொருள். திரையில் கிறுக்கினால் கிறுக்கியது பொருளாகி விழும், உருளும், மோதும். ஈர்ப்பையும் காற்றுத் தடையையும் ஒரு தட்டில் அணைக்கலாம். தள்ளுவதை நிறுத்தினால் பொருள் நின்றுவிடும் என்ற எண்ணத்தை உடைக்க, உராய்வே இல்லாத தரையை வகுப்பில் வேறெங்கே கொண்டுவருவீர்கள்?

கணினிச் சுற்றுகளின் அடிப்படையான தருக்கக் கதவுகளுக்கு (logic gates), கட்டைகளை அடுக்கிக் கட்டும் மைன்கிராஃப்ட் கேமில் மின்கம்பிபோலச் செயல்படும் ரெட்ஸ்டோன் நன்றாக உழைக்கும். அதன் தீப்பந்தம் கீழிருக்கும் கட்டைக்கு மின்சாரம் வந்தால் அணையும், போனால் எரியும். அதாவது உள்ளே வருவதைத் தலைகீழாக்கும் 'இல்லை' (NOT) கதவு அதுவே. சமிக்ஞை 15 கட்டைக்கு மேல் போகாது, நடுவில் அதைப் புதுப்பித்து அனுப்பும் மீட்டெடுப்பான் வைக்க வேண்டும். தொலைதூரத் தந்திக் கம்பியில் ரிலே ஏன் தேவைப்பட்டது என்பதைப் பிள்ளைகள் தாங்களே சொல்லிவிடுவார்கள். உரிமத்துக்குச் செலவழிக்க முடியாத பள்ளி என்றால், முன்பு மைன்டெஸ்ட் என்று பெயர் கொண்டிருந்த லுவான்டி இருக்கிறது, இலவசம்.

முதலில் நீங்கள் இரண்டு தடவை விளையாடுங்கள்

முதல் தடவை மாணவராக. எதையும் படிக்காமல், கண்டதைத் தட்டிப் பார்த்து. எந்த நிமிடத்தில் குழம்பினீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். வகுப்பும் அங்கேதான் குழம்பும்.

இரண்டாவது தடவை திருட்டுத்தனமாக. கருத்தே புரியாமல் ஜெயிக்க முடியுமா என்று பாருங்கள். முடியும் என்றால் உங்கள் வகுப்பில் பத்து பேர் அந்த வழியைக் கண்டுபிடித்துவிடுவார்கள், என் பாலத்தில் தண்டுக்கு மேல் தண்டு அடுக்கியதுபோல. அந்தக் குறுக்கு வழியை அடைக்க ஒரு விதி போடுங்கள்: தண்டு பதினைந்துக்கு மேல் கூடாது, முயற்சி ஐந்துக்கு மேல் கூடாது, இப்படி.

விளையாடும்போதே கேம் சொல்லும் பொய்களையும் எழுதி வையுங்கள். எல்லா கேமும் பொய் சொல்லும். ஆனால் அதை மறைக்க வேண்டியதில்லை, நல்ல பொய் என்றால் அதுவே ஒரு பாடம். ராக்கெட் கட்டிப் பறக்கவிடும் கெர்பல் ஸ்பேஸ் புரோகிராமை எடுத்துக்கொள்வோம். அதில் வரும் கெர்பின் என்ற கோளின் ஆரம் 600 கிலோமீட்டர்தான். பூமியின் ஆரம் 6,371. ஆனால் தரையில் ஈர்ப்பு முடுக்கம் பூமியில் உள்ள அதே 9.81. ஆரம் பத்தில் ஒரு பங்கு, ஈர்ப்பு மட்டும் அதே அளவு என்றால் அந்தக் கோள் எதனால் ஆனது? பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் அடர்த்தியைக் கணக்கிடச் சொன்னேன். கன சென்டிமீட்டருக்கு 58 கிராம் சொச்சம் வந்தது. நமக்குத் தெரிந்த தனிமங்களில் மிக அடர்த்தியான ஆஸ்மியமே 22.6தான். "அப்போ இந்தக் கோளே இருக்க முடியாதே மிஸ்!" என்று ஒரு குரல். அன்றைக்குத் திட்டமிட்ட பாடம் நடக்கவில்லை. எனக்கு வருத்தமும் இல்லை.

அறையும் ஆட்களும்

ஒரு புரொஜெக்டரும் ஒரு லேப்டாப்பும் இருந்தால் தொடங்கிவிடலாம். முதல் இரண்டு மூன்று வகுப்புகளை அப்படியே நடத்துவதுதான் நல்லது என்பேன். ஒரே திரை என்றால் நிறுத்துவது உங்கள் கையில். நாற்பது திரையை ஒரே நேரத்தில் நிறுத்திப் பாருங்கள், தெரியும்.

கணினிகள் கிடைத்தால் ஒன்றுக்கு மூன்று பேர். தனித்தனியாக வேண்டாம், பேசிக்கொள்ள ஆள் வேண்டும். மூவருக்கும் வேலை பிரித்துக் கொடுங்கள். ஒருவர் கை, ஒருவர் பேனா, ஒருவர் வாய். வாய் முடிவு சொல்லும்: "இப்போது மின்தடையை இரட்டிப்பாக்கு, மின்னோட்டம் பாதியாகும் என்று நினைக்கிறேன்." பேனா அந்தக் கணிப்பை எழுதும். அது எழுதி முடிக்கும்வரை கை கணினி எலியை (மவுஸை) தொடக்கூடாது. கை தன்னிஷ்டத்துக்கு எதையும் செய்யக்கூடாது. ஏழெட்டு நிமிடத்துக்கு ஒரு தடவை மாற்றிவிடுங்கள். மாற்றாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை நான் பார்த்திருக்கிறேன்: வீட்டில் கேம் ஆடிப் பழகியவன் எலியைப் பிடித்துக்கொள்வான், அழகாக எழுதுகிறவள் என்று ஒரு பெண் கையில் பேனா நிரந்தரமாகிவிடும். ஆண்டு முழுக்க அவள் ஒரு கம்பியைக்கூட இணைத்திருக்கமாட்டாள்.

நிறுத்துவதற்கு ஒரு சைகையை முதல் நாளே பழக்குங்கள். லேப்டாப் என்றால் மூடியைப் பாதி சாய்ப்பது, மேசைக் கணினி என்றால் திரையை அணைத்துவிட்டுக் கையைத் தலைக்கு மேல் வைப்பது. சிரிப்பாக இருக்கும், ஆனால் வேலை செய்யும். கேம் ஆரம்பிக்கும் முன்பே வெறும் திரையோடு இரண்டு தடவை ஒத்திகை பாருங்கள்.

முந்தின நாளே எல்லாக் கணினியிலும் கோப்பைத் திறந்து பார்த்துவிடுவது, நிர்வாகி கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்று கேட்டு வைப்பது, ஒலியை அணைத்து வைப்பது, இதெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நான் ஒருமுறை இணைய இணைப்பை நம்பி ஒரு வகுப்பு முழுக்கச் சுழலும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அதனால் சொல்கிறேன்.

ஒரு வகுப்பு, நிமிடம் நிமிடமாக

பல்பு மின்னோட்டத்தைத் தின்கிறது என்ற எண்ணத்தையே எடுத்துக்கொள்வோம். கருவி: ஃபெட்டின் நேர்மின்சுற்றுக் கட்டுமானப் பெட்டி. நேரம்: 45 நிமிடம்.

முதல் ஐந்து நிமிடம் திரை எதுவும் கிடையாது. தாளில் ஒரு சுற்று: ஒரு பேட்டரி, தொடராக இரண்டு ஒரேமாதிரி பல்புகள், மூன்று அம்மீட்டர்கள். ஒன்று முதல் பல்புக்கு முன், ஒன்று இரண்டுக்கும் நடுவில், ஒன்று கடைசியில். எந்த அம்மீட்டர் அதிகம் காட்டும்? ஒவ்வொருவரும் தனியாக எழுதி, ஏன் என்று ஒரு வரி போட்டு, தாளை மடித்து வைக்க வேண்டும். கணிக்காமல் விளையாடினால் எந்த விடை வந்தாலும் "அதான் நானும் நினைச்சேன்" என்றுதான் தோன்றும். எழுதி மடித்துவிட்டால் ஏமாற்றிக்கொள்ள முடியாது. இந்த ஐந்து நிமிடத்தை நேரமில்லை என்று வெட்டினீர்களானால் மீதி நாற்பது நிமிடத்தையும் வெட்டிவிடலாம்.

அடுத்த எட்டு நிமிடம் முழுச் சுதந்திரம். இதைக் கேட்டுப் பல ஆசிரியர்களுக்கு மூச்சு நின்றுவிடும். ஆனால் புதுக் கருவி கையில் வந்தால் பிள்ளைகள் எப்படியும் நோண்டத்தான் போகிறார்கள். நீங்கள் பேசும்போது மேசைக்கடியில் நோண்டுவதைவிட உங்கள் அனுமதியோடு நோண்டட்டும். கம்பியை நேராகப் பேட்டரியின் இரு முனைக்கும் இணைத்துத் தீ வைப்பார்கள். வைக்கட்டும். குறுக்குச் சுற்று என்ற சொல்லைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் வராது.

அப்புறம் சவால். தாளில் வரைந்த அதே சுற்றைக் கட்டச் சொல்லுங்கள். 9 வோல்ட் பேட்டரி, 10 ஓம் பல்பு இரண்டு என்று வைத்தால் மூன்று அம்மீட்டரும் 0.45 ஆம்பியர் காட்டும். வகுப்பில் ஒரு சலசலப்பு எழும். சரி, இங்கே நிறுத்துங்கள். அடுத்த சவாலுக்குத் தாவ ஆசை வரும், பிள்ளைகளும் நச்சரிப்பார்கள். மூடியைச் சாய்க்கச் சொல்லுங்கள்.

இப்போது பத்து நிமிடம் பேச்சு மட்டும். மடித்த தாளைப் பிரித்து, தவறாகக் கணித்தவர்களைக் கை தூக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் பாதி வகுப்பு தூக்கும், அதனால் யாருக்கும் வெட்கம் இருக்காது. பிறகு கேட்க வேண்டியது: "மின்னோட்டம் குறையவில்லை, ஆனால் பல்பு எரிகிறது. அப்படியானால் பல்பு எதை எடுத்துக்கொள்கிறது?" விடையை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். ஒருவர் எலக்ட்ரான் என்பார், இன்னொருவர் வோல்ட் என்பார். ஆற்றல் என்ற சொல் வரும்வரை காத்திருங்கள். மௌனம் நீண்டால் நீளட்டும்.

மறுபடி திரை, பத்து நிமிடம். இரண்டு பல்பையும் பக்க இணைப்பில் மாற்றினால் பேட்டரியிலிருந்து எவ்வளவு ஓடும்? கணித்துவிட்டுப் பாருங்கள். 1.8 ஆம்பியர், முன்பைவிட நான்கு மடங்கு. இரட்டிப்பாகும் என்று எழுதியவர்கள் தலையைச் சொறிவார்கள். கடைசி ஐந்து நிமிடம் எழுத்து: "நான் நினைத்தது, நான் பார்த்தது, இரண்டும் ஏன் வேறுபட்டன" என்று மூன்று வரி. மணி அடிக்கும்போது தாள் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. இந்த சிமுலேஷனில் ஓடும் நீலப் புள்ளிகள் எலக்ட்ரான்கள். பாடநூலில் அம்புக்குறி போட்ட மின்னோட்டத்துக்கு எதிர்த்திசையில் போகும். மரபு மின்னோட்டமாகக் காட்ட ஒரு பொத்தான் இருக்கிறது. எது காட்டப்படுகிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டு நான் ஒரு நாளை இழந்திருக்கிறேன்.

பொறியியல் என்றால் கொஞ்சம் வேறு

அறிவியல் கேமில் கேள்வி "ஏன் இப்படி?" என்பது. பொறியியலில் கேள்வி "இவ்வளவு செலவுக்குள் எப்படி?" என்பது. கட்டுப்பாடு இல்லாவிட்டால் அது வெறும் பொம்மை. அதனால் பட்ஜெட், எடை, நேரம் மூன்றில் ஒன்றாவது இறுக்கமாக இருக்கும் கேமைத் தேர்ந்தெடுங்கள்.

பாலத்துக்கு இப்போது நான் வைப்பது, அமெரிக்க இராணுவக் கல்விக்கழகப் பேராசிரியராக இருந்த ஸ்டீபன் ரெஸ்லர் உருவாக்கிய வெஸ்ட் பாயின்ட் பிரிட்ஜ் டிசைனர். இலவசம், பழைய கணினியிலும் ஓடும். லாரி போகும்போது பாலம் தாங்கினால் மட்டும் போதாது, செலவும் குறைய வேண்டும். இதில் நிறத்துக்கு அர்த்தம் வேறு: அமுக்கத்தில் இருக்கும் தண்டு சிவப்பு, இழுவிசையில் இருப்பது நீலம். லாரி நகர நகர நிறம் ஆழமாகிக்கொண்டே வரும். என் பழைய கேமில் காணாமல் போன கேள்வி இதில் திரையிலேயே எழுதியிருக்கிறது.

பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடிக்கும் ஒன்று உண்டு. இழுபடும் தண்டை மெலிய கம்பியாக வைத்தாலும் தாங்குகிறது. அமுங்கும் தண்டு நீளமாகவும் மெலிதாகவும் இருந்தால் சட்டென்று வளைந்து போகிறது, அதற்குக் குழாய்தான் சரி. குழாய்க்கு விலை அதிகம், எனவே எல்லாவற்றையும் குழாயாக்க முடியாது. ஒரு நூலை இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், பிறகு அதே நூலைத் தள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள். புரிந்துவிடும்.

ஒரு நோட்டில் மூன்று நெடுவரிசை போடச் சொல்லுங்கள்: என்ன மாற்றினேன், ஏன் மாற்றினேன், என்ன ஆனது. ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான். நடு வரிசை காலியாக இருந்தால் அந்த முயற்சி கணக்கில் சேராது. இந்த ஒரு விதி வந்ததும் வகுப்பின் வேகம் பாதியாகக் குறையும், பேச்சு இரட்டிப்பாகும். குறைந்த செலவில் கட்டியவருக்குப் பரிசு வைக்கலாம். ஆனால் நான் நோட்டுக்குத்தான் வைப்பேன். தரவரிசைப் பட்டியலைச் சுவரில் ஒட்டினால் முதல் ஐந்து பேர் உற்சாகமாவார்கள், கடைசிப் பதினைந்து பேர் விளையாட்டை விட்டுவிடுவார்கள்.

திரையில் கட்டியதைக் கையாலும் ஒருமுறை கட்ட வேண்டும். இரண்டு மேசைக்கு நடுவில் 20 சென்டிமீட்டர் இடைவெளி, ஒரே ஒரு ஏ4 தாள், மேலே நாணயங்கள். தட்டையாக வைத்த தாள் தன் எடைக்கே தொய்யும். விசிறி மடிப்பாக மடித்த அதே தாள் நாணயங்களைத் தாங்கும். தாளின் எடை கூடவில்லை, உயரம் கூடியது. செவ்வக உத்திரத்தின் விறைப்பு அதன் உயரத்தின் மும்மடியைப் பொறுத்தது என்று பிற்பாடு சொன்னால், அந்த வாக்கியம் விழுவதற்கு மனதில் ஓர் இடம் தயாராக இருக்கும்.

மின்சாரம் இல்லாத நாளுக்கு

ஊடாடும் விளையாட்டு என்றால் திரை வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. நான் நடத்தியதில் மிகவும் சுத்தமாக ஓடிய விளையாட்டு பகடையில்தான்.

ஆளுக்குப் பத்து பகடை. ஒவ்வொரு பகடையும் ஒரு கதிரியக்க அணு; முப்பது பேர் என்றால் 300 அணுக்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் உருட்டுகிறார்கள். ஆறு விழுந்த பகடை சிதைந்துவிட்டது, ஓரமாக வைத்துவிட வேண்டும். மிச்சத்தை எண்ணிக் கரும்பலகையில் எழுதி, மறுபடி உருட்டு. நூற்றுக்குக் கணக்குப் போட்டால் 83, 69, 58, 48 என்று இறங்கும். பாதியாக எத்தனை உருட்டல்? வரைபடத்தில் பார்த்தால் ஏறக்குறைய 3.8. அரை ஆயுட்காலம் என்பது இதுதான். கார்பன்-14க்கு அது 5,730 ஆண்டு, அயோடின்-131க்கு எட்டு நாள்; வளைகோட்டின் வடிவம் ஒன்றே. பகடை கிடைக்காவிட்டால் நாணயம் சுண்டுங்கள், அரை ஆயுள் சரியாக ஒரு சுண்டல்.

நிறுத்த வேண்டிய இடம் ஏழெட்டு உருட்டலுக்குப் பிறகு வரும். யாராவது ஒருவர் கண்டிப்பாகச் சொல்வார்: "மிஸ், என் பகடை எட்டு தடவை தப்பிச்சிடுச்சு, இந்தத் தடவை மாட்டப்போகுது." உடனே எல்லாரையும் நிறுத்தி வகுப்பைக் கேளுங்கள்: அந்தப் பகடைக்கு எட்டு தடவை தப்பியது நினைவிருக்குமா? வாய்ப்பு இன்னும் ஆறில் ஒன்றுதானே? அணுவுக்கு வயதாவதில்லை என்பதை நான் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன், கையில் பகடை இருந்தபோதுதான் நம்பினார்கள். 300 பகடையில் இருபது உருட்டல் தாண்டியும் சராசரியாக எட்டு பிழைத்திருக்கும். அவற்றைக் கடைசிவரை உருட்டிப் பார்க்கப் பிள்ளைகள் மதிய இடைவேளையிலும் வருவார்கள்.

பெரிய கேம்களை எப்போது எடுப்பது

கெர்பல் போன்றவை ஒரு வகுப்பு நேரத்துக்குள் அடங்காது. அறிவியல் மன்றத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், அல்லது புரொஜெக்டரில் ஒரே ஒரு ராக்கெட்டை வகுப்பே சேர்ந்து ஓட்டட்டும். முதல் ராக்கெட்டை எந்த வகுப்பும் நேராக மேலேதான் ஏவும். கெர்பினின் வளிமண்டலம் 70 கிலோமீட்டரில் முடிகிறது. அதைத் தாண்டியதும் கைதட்டல். இன்ஜினை அணைப்பார்கள். கொஞ்ச நேரத்தில் ராக்கெட் திரும்பி விழ ஆரம்பிக்கும். இடைநிறுத்தப் பொத்தானை அங்கே அமுக்குங்கள். "விண்வெளிக்குப் போயாச்சு. ஏன் விழுகிறது?"

விண்வெளி என்பது உயரம், சுற்றுப்பாதை என்பது பக்கவாட்டு வேகம் என்ற வேறுபாடு அந்த இடத்தில் பிறக்கும். பன்னாட்டு விண்வெளி நிலையம் சுற்றும் 400 கிலோமீட்டர் உயரத்தில் ஈர்ப்பு தரையில் உள்ளதில் சுமார் 90 சதவீதம் இருக்கிறது. அங்கே இருப்பவர்கள் நொடிக்கு 7.7 கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் போய்க்கொண்டே விழுந்துகொண்டிருக்கிறார்கள். கெர்பினுக்கு 2.3 போதும். ஏன் குறைவு என்று கணக்குப் போட்டால் மறுபடி அந்த 600 கிலோமீட்டர் ஆரத்தில் வந்து நிற்பீர்கள்.

பிள்ளைகளே கேம் செய்யட்டும்

இரண்டு மூன்று மாதம் பழகிய பிறகு இதைச் செய்யுங்கள், முதல் வாரத்திலேயே வேண்டாம். 1969இல், நிலவில் மனிதன் கால் வைத்த சில மாதத்துக்குள், ஜிம் ஸ்டோரர் என்ற அமெரிக்கப் பள்ளி மாணவர் தன் பள்ளிக்கு எட்டிய பிடிபி-8 கணினியில் நிலவில் இறங்கும் கேமை எழுதினார். படம் கிடையாது. உயரம், வேகம், எரிபொருள் எல்லாம் எண்களாகத் தாளில் அச்சாகும்; எவ்வளவு எரிக்கிறாய் என்று கேட்கும். 2024இல் ஒருவர் அந்த நிரலை நுணுக்கிப் பார்த்து, ஓரிடத்தில் இரண்டால் வகுக்க விட்டுப்போயிருப்பதைக் கண்டுபிடித்தார். பிள்ளைகளுக்கு இந்தக் கதை மிகவும் பிடிக்கும். தங்கள் வயதுப் பையன் எழுதியது என்பதற்காகவும், அவனும் பிழை விட்டான் என்பதற்காகவும்.

அதே கேமை, கட்டளைத் துண்டுகளை இழுத்து ஒட்டி நிரல் எழுதும் ஸ்கிராட்சில் இரண்டு வகுப்பு நேரத்தில் கட்டலாம். மூன்று மாறிகள்: உயரம், வேகம், எரிபொருள். திரும்பத் திரும்ப ஓடும் சுழலுக்குள் இரண்டு வரிதான் உயிர். வேகத்திலிருந்து ஈர்ப்பைக் கழி. உயரத்தோடு வேகத்தைக் கூட்டு. பொத்தானை அமுக்கினால் வேகத்தில் கொஞ்சம் கூட்டி எரிபொருளில் கொஞ்சம் கழி. முடுக்கம் என்பது வேகத்தில் ஏற்படும் மாற்றம் என்று பாடநூல் சொல்வது இங்கே ஒரு கட்டளை வரி. நிலவின் 1.62ஐ எடுத்துவிட்டுச் செவ்வாயின் 3.7ஐப் போட்டால் இறங்குவது எவ்வளவு கடினமாகிறது என்று பார்க்கட்டும். வேகமாக முடித்தவருக்கு ஒரு கேள்வி: எரிபொருள் தீரத் தீர விண்கலம் இலேசாகிறதே, உன் நிரலுக்கு அது தெரியுமா?

மதிப்பெண்ணும் மறுப்பும்

கேமில் வாங்கிய புள்ளிக்கு மதிப்பெண் கொடுக்காதீர்கள். கொடுத்த மறுநாளே கணிப்பு எழுதுவது நின்றுவிடும், குறுக்கு வழி தேடுவது ஆரம்பித்துவிடும். சோதிக்க வேண்டியது, கேமில் இல்லாத இடத்தில் அந்தக் கருத்து வேலை செய்கிறதா என்பதை. பாலத்துக்குப் பிறகு ஒரு பாரந்தூக்கியின் படத்தைக் காட்டி எந்தக் கை இழுபடுகிறது என்று கேளுங்கள். மின்சுற்றுக்குப் பிறகு உண்மையான பல்பும் கம்பியும் கொடுங்கள். இன்னொரு நல்ல கேள்வி வகை: கேமின் ஒரு காட்சியைத் திரையில் உறையவைத்துக் காட்டி, அடுத்த நொடியில் என்ன நடக்கும், ஏன் என்று எழுதச் சொல்வது.

பள்ளியில் கேமா என்று தலைமையாசிரியரும் பெற்றோரும் கேட்பார்கள். கேட்கட்டும், நியாயமான கேள்விதான். வேடிக்கையாக இருப்பதால் தானாகக் கற்றுவிடுவார்கள் என்று மட்டும் பதில் சொல்லாதீர்கள், அது உண்மையும் இல்லை. கற்பிக்கும் கேம்களைப் பற்றிய பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2013ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு ஒன்றில், வழக்கமான கற்பித்தலைவிட கேம் வழியில் கற்றலும் நினைவும் கூடுதலாக இருந்தன. ஆனால் ஆர்வம் குறிப்பிடத்தக்க அளவு கூடியதாகத் தெரியவில்லை. குழுவாக ஆடியபோதும், பல அமர்வுகளாக நடத்தியபோதும், கேமோடு வேறு கற்பித்தலும் சேர்ந்தபோதும்தான் பலன் அதிகம். அதைச் சொல்லுங்கள், கூடவே பிள்ளைகள் எழுதிய மூன்று வரித் தாள்களை மேசையில் வையுங்கள். என் அனுபவத்தில் இரண்டாவதுதான் ஆளை மடக்கும்.

மாணவர் பெயரிலோ மின்னஞ்சலிலோ கணக்குக் கேட்கும் கேம்களைத் தவிருங்கள். சிவப்பு, பச்சை இரண்டை மட்டும் வைத்து எல்லாவற்றையும் சொல்லும் கேம் என்றால், நிறம் பிரித்துப் பார்க்க முடியாத பிள்ளை வகுப்பில் இருக்கிறதா என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். மாதத்துக்கு இரண்டு கேம் வகுப்பு போதும். வாரம் ஒன்று வைத்த காலத்தில் எனக்கே சலித்துவிட்டது.

என் வகுப்பறையின் பின்சுவரில் இப்போது ஒரு நீளமான தாள் தொங்குகிறது. தலைப்பு: கேம் சொன்ன பொய்கள். யார் கண்டுபிடித்தாலும் எழுதலாம், ஆனால் பக்கத்தில் நிரூபணம் இருக்க வேண்டும். கெர்பினின் அடர்த்தி அங்கே முதல் வரி. போன வாரம் ஒரு பெண் நான்கு வரிக் கணக்கோடு ஒன்றைச் சேர்த்திருக்கிறாள்: மைன்கிராஃப்டில் அடியில் இருக்கும் கட்டையை உடைத்தாலும் மரம் அப்படியே காற்றில் நிற்கிறது, அதன் எடையைத் தாங்கும் விசை எங்கே? கீழே வேறொரு கையெழுத்தில், "மணல் மட்டும் ஏன் விழுகிறது?" என்று இருக்கிறது. இன்னும் யாரும் பதில் எழுதவில்லை.